மறக்கப்பட்ட வலி

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தவரிடம் மயக்க மருத்துவ ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகள் சில உண்டு. மயங்குவதற்கு முன் கடைசியாக நினைவில் இருப்பது என்ன, விழித்தபின் முதலில் நினைவுக்கு வருவது என்ன, இடையில் ஏதாவது நினைவிருக்கிறதா, கனவு வந்ததா என்று அவை போகும். 1970-இல் பிரைஸ் என்ற மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வகுத்த இந்த வினாக்கள் சிறிய மாற்றங்களோடு இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. ‘ஒன்றும் நினைவில்லை’ என்று பதில் வந்தால், மயக்கம் சரியாக அமைந்தது என்று கணக்கில் ஏறும்.

ஆனால் அந்தப் பதில் இரு வேறு நிலைகளுக்கும் பொருந்தும். கத்தி பட்ட நேரத்தில் வலியை உணர அங்கே யாருமே இல்லாமல் இருந்திருக்கலாம். அல்லது வலியை உணர்ந்தவர் ஒருவர் இருந்து, உணர்ந்தது மட்டும் நினைவில் பதியாமல் போயிருக்கலாம். பக்கத்தில் நின்றவருக்கு மட்டுமல்ல, விழித்தெழுந்தவருக்கே இந்த வேறுபாடு தெரியாது. இரண்டாவது நிலையே நடந்திருந்தால், நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததா, இல்லையா? மருந்துகளின் அளவையும் வேதியியலையும் எவ்வளவு நுட்பமாக அறிந்தாலும் இதற்கு விடை அங்கிருந்து வராது.

இந்தச் சிக்கல் மயக்க மருத்துவம் பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1845 ஜனவரியில் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் பாஸ்டன் நகரில், மருத்துவ மாணவர்கள் முன்னிலையில், நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்து ஒருவருக்குப் பல் பிடுங்கினார். நடுவில் நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் ஏமாற்று வேலை என்று எள்ளினார்கள். பல்லைப் பறிகொடுத்தவரோ, வலி கொஞ்சம் இருந்தது, வழக்கமாக இருக்கும் அளவு இல்லை என்று சொன்னதாக வெல்ஸ் பின்னர் எழுதினார். அடுத்த ஆண்டு, 1846 அக்டோபர் 16 அன்று, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் ஒரு நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுத்தார். நோயாளி கத்தவில்லை, எல்லாரும் வெற்றி என்றார்கள். ஆனால் அறுவை நடப்பது தமக்குத் தெரிந்ததாகவும், கழுத்தைச் சுரண்டுவது போல் இருந்ததாகவும் அவர் சொன்னார். மயக்க மருத்துவத்தின் பிறந்தநாளாக ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் அந்த நாளின் நோயாளி, இன்றைய வினாப்பட்டியலின்படி தோல்விக் கணக்கில் ஏறியிருப்பார். முதல் நிகழ்வில் அரங்கம் நம்பியது கத்தலை, இரண்டாவதில் அமைதியை. இரண்டிலும் நோயாளியின் பேச்சு இரண்டாம்பட்சமாகவே போயிற்று.

மறதியையே சிகிச்சையாக்கிய முறை ஒன்று அறுபது ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் உருவானது. அங்கே பெர்ன்ஹார்ட் குரோனிக், கார்ல் கவுஸ் என்ற இரு மகப்பேறு மருத்துவர்கள் பிரசவ வலி கண்ட பெண்களுக்கு மார்ஃபினும் ஸ்கோபோலமினும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1906-இல் கவுஸ் இதன் விளைவுகளை விரிவாக வெளியிட்டார். ‘அந்தி உறக்கம்’ என்று பெயர் பெற்ற இந்த முறையில் மார்ஃபின் வலியை ஓரளவே குறைத்தது. பெரிய வேலையைச் செய்தது ஸ்கோபோலமின். அது நிகழ்வதை நினைவில் பதிய விடாது. மருந்தின் அளவைத் தீர்மானிக்கக் கவுஸ் கையாண்ட சோதனை இதை வெளிப்படையாகவே காட்டுகிறது. பெண்ணிடம் ஒரு பொருளைக் காட்டுவார்கள்; சிறிது நேரம் கழித்து அதையே மறுபடி காட்டி, முன்பு பார்த்ததுண்டா என்று கேட்பார்கள். இல்லை என்றால் மருந்து போதும். ஆம் என்றால் இன்னும் கொஞ்சம். அளக்கப்பட்டது நினைவு, வலியை யாரும் அளக்கவில்லை.

பிரசவ அறையில் நடந்ததோ வேறு. பெண்கள் கத்தினார்கள், புரண்டார்கள், விழுந்து அடிபடாமலிருக்கப் பக்கங்களில் மெத்தை கட்டிய படுக்கைகள் தேவைப்பட்டன. அறையை இருட்டாக்கிக் கண்ணைக் கட்டி, காதில் எண்ணெய்ப் பஞ்சு வைத்தார்கள். ஒளியோ ஓசையோ, தன் குரலோ கூட, இங்கொன்றும் அங்கொன்றுமாக ‘நினைவுத் தீவுகள்’ உண்டாக இடம் கொடுத்துவிடும் என்பதே காரணம். இத்தனை ஏற்பாடுகளில் எதுவும் வலியைத் தொடவில்லை. ஆனாலும் விழித்த பெண்கள் வலியே இல்லாமல் பெற்றதாக மகிழ்ச்சியோடு சொன்னார்கள். 1914-இல் அமெரிக்க இதழொன்றில் இதைப் பற்றிய கட்டுரை வந்ததும் அங்கே பெண்கள் சங்கம் அமைத்து, மருத்துவமனைகள் இந்த முறையைத் தர வேண்டும் என்று கோரினார்கள். 1915-இல் இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஒருவர் பிரசவத்தின்போது குருதிப்போக்கால் இறந்தார். இறப்புக்கும் மருந்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லப்பட்டும் இயக்கம் தளர்ந்தது. ஆனால் மருந்துக் கலவை பல மருத்துவமனைகளில் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடியது.

அந்தப் பெண்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் அவர்கள் கேட்டு வாங்கியது இது. பலர் இரண்டாம் பிரசவத்துக்கும் இதையே விரும்பினார்கள். சாட்சி சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் ‘எனக்கு வலிக்கவில்லை’ என்னும்போது, வலித்தது என்று மறுக்க அடுத்தவருக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விக்குத் தடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பிற்பகலில் பேசும் பெண் காலையில் நடந்ததற்குச் சாட்சி அல்லர். அந்தச் சாட்சியைத்தான் மருந்து அகற்றிவிட்டது. காலையில் கத்தியதும் ஒரு சாட்சியமே. அதைக் கேட்டவர் செவிலி.

ஆங்கில மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட தம் நூலில் இதை ஒரு கற்பனை அறுவை சிகிச்சையாகவே அமைத்தார். மயக்க மருந்து கொடுக்க முடியாத, மிகுந்த வேதனை தரும் ஒரு சிகிச்சை. முடிந்தபின் அந்த வேதனையின் நினைவை மட்டும் அழித்துவிடுவார்கள். ஒருவர் மருத்துவமனையில் கண் விழிக்கிறார். நேற்று பத்து மணி நேரம் துன்பப்பட்டு முடித்துவிட்டாரா, இன்று பிற்பகல் ஒரு மணி நேரம் துன்பப்படப் போகிறாரா என்பது அவருக்குத் தெரியாது. செவிலி விவரம் பார்த்து வரப் போயிருக்கிறார். அந்த இடைவெளியில், நேற்றைய பத்து மணி நேரமே தன்னுடையதாக இருக்கட்டும் என்று அவர் ஏங்குவார் என்கிறார் பார்ஃபிட். பெரும்பாலோர் அப்படித்தான் ஏங்குவார்கள். இந்தக் கதையை, மறந்த வலி ஒரு பொருட்டில்லை என்பதற்கு ஆதாரமாகச் சிலர் எடுப்பதுண்டு. ஆனால் பார்ஃபிட் காட்ட வந்தது, மனிதர் வரப்போகும் வலியை வந்துபோன வலியைவிடப் பெரிதாக மதிக்கிறார்கள் என்பதை. கதை நடக்க வேண்டுமானால் நேற்று பத்து மணி நேர வேதனை உண்மையிலேயே இருந்திருக்க வேண்டும். அது கழிந்தது என்ற நிம்மதியை, அது நிகழவில்லை என்ற செய்தியாக மாற்றிக்கொள்ள அதில் இடமில்லை.

அமெரிக்க மெய்யியலாளர் டேனியல் டென்னட் 1978-இல் இன்னும் கூர்மையாகக் கேட்டார். இன்றைய மயக்க மருந்துகள், உடலை அசையவிடாமல் கட்டிப்போடும் ஒரு மருந்தும் நினைவை அழிக்கும் ஒரு மருந்தும் சேர்ந்த கலவையாகவே இருந்தால்? அறுவை அரங்கில் நோயாளி முழு வேதனையோடு அசையாமல் கிடப்பார்; விழித்தபின் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். வலியைப் பற்றிய அன்றாடக் கருத்துகள் ஒன்றுக்கொன்று முரணானவை, அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு விளக்கம் கிடைக்கவே கிடைக்காது என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. அந்த முடிவை ஏற்காதவர்களும் அவர் கேள்வியைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. கலவையின் ஒரு பாதியை ஃப்ரைபுர்க் முன்பே தந்துவிட்டது. மறு பாதியும் டென்னட் எழுதும்போது நடைமுறையில் இருந்தது.

1942 ஜனவரி 23 அன்று மாண்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் ஒரு நோயாளிக்கு மயக்கத்தோடு சேர்த்துக் குராரே கொடுத்தார்கள். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய நஞ்சு அது. தசைகளைத் தளர்த்தி அசைவை முழுதாக நிறுத்திவிடும். அதுவரை நோயாளியை அசையாமல் கிடத்த ஈதரையோ வேறு வாயுவையோ ஆபத்தான அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. இனி அந்தத் தேவை இல்லை. குராரே மூளையையும் மயக்குமா என்ற ஐயம் எழுந்தது. 1947-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மயக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித் வேறு எந்த மருந்தும் இல்லாமல், மூச்சை நிறுத்தும் அளவைவிட இரண்டரை மடங்கு குராரேயைத் தமக்கே ஏற்றிக்கொண்டார். சகாக்கள் செயற்கையாக மூச்சுக் கொடுத்தார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை தெளிவாக உணர்வோடு இருந்ததாகவும், வலியும் தெரிந்ததாகவும் அவர் பின்னர் அறிவித்தார். அசைவின்மையை வலியின்மையாகக் கொள்ளக் கூடாது என்பது அத்தோடு முடிவான விஷயம். இங்கிலாந்தின் லிவர்பூலில் செசில் கிரேயும் சகாக்களும் மயக்கத்தைப் பல கூறுகளாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும் இதே காலத்தில்தான்: உணர்விழப்பு, வலித்தடுப்பு, தசைத்தளர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து வந்தது. ஆகவே ஒன்று குறைந்து மற்றொன்று நிறைந்திருக்கும் வாய்ப்பும் வந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. மயக்கத்தில் கிடப்பவரின் நாடி கத்தி பட்டதும் எகிறலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், கால் கூட இழுத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் வலி என்று சொல்லிவிட முடியாது. வாயு மயக்க மருந்துகளின் வீரியத்தை 1960-களில் எட்மண்ட் எகர் முதலானோர் வகுத்த அளவால் இன்றும் குறிக்கிறார்கள்: தோலை அறுக்கும்போது நோயாளிகளில் பாதிப் பேரை அசையாமல் வைக்கும் செறிவு. அந்த அசைவை மருந்து தடுக்கும் இடம் பெரும்பாலும் மூளை அல்ல, தண்டுவடம் என்று 1993-இல் விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. உணர்வு அற்றவரும் அசையலாம்; உணர்வுள்ளவரும் அசையாதிருக்கலாம். திசுவின் சேதத்தை நரம்பு செய்தியாகக் கடத்துவது வேறு, வலி வேறு என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய தன் வரையறையில் தெளிவாகவே சொல்கிறது. வலி ஓர் அனுபவம். அதை அனுபவிக்க ஒருவர் வேண்டும். அதே வரையறைக் குறிப்பு, சொல்ல முடியாதவருக்கு வலி இல்லை என்று கொள்ளக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறது.

மயக்க மருந்து ஆராய்ச்சியில் உள்ள செய்திகளில் மெய்யியலுக்கு மிகவும் வேண்டியது ஒன்று. மருந்தின் செறிவு ஏற ஏற, மனிதனின் திறன்கள் எல்லாம் ஒரே கணத்தில் அணைவதில்லை. முதலில் போவது புதிய நினைவைப் பதிக்கும் திறன். அதற்கு மேலான செறிவில்தான் கூப்பிட்டால் பதில் சொல்லும் திறன் போகிறது. அந்தச் செறிவும் அசைவைத் தடுக்கத் தேவையானதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. ஆகவே உணர்வு இருந்தும் நினைவு பதியாத ஒரு பட்டை எப்போதும் இருக்கிறது. மயக்கத்துக்குள் போகிற ஒவ்வொருவரும், வெளியே வருகிற ஒவ்வொருவரும், சிறிது நேரமாவது அதைக் கடக்கிறார்கள். நினைவை மட்டும் கேட்கும் ஆய்வின் கண்ணில் அந்தப் பட்டை படாது.

அத்தகைய ஆய்வுகள் பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-இல் வெளிவந்த பெரிய கணக்கெடுப்பில், நடுவில் விழித்த நினைவோடு தாமாக வந்து முறையிட்டவர்கள் ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர். பிரைஸ் வினாக்களைக் கேட்டு நடத்திய ஆய்வுகளிலோ ஆயிரத்துக்கு ஓரிருவர். கேட்கும் விதம் மாறினாலே விடை பத்து மடங்குக்கு மேல் மாறுகிறது. நோயாளிகளை அதிகம் வாட்டியது வலியைவிட, அசையவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் கிடந்த திகிலே என்றும் அந்தக் கணக்கெடுப்பு காட்டியது. மூளை மின்னலைகளைக் கண்காணிக்கும் கருவியைப் பற்றி 2004-இல் வந்த ஆய்வில், விழிப்பு அபாயம் கூடிய 2,463 நோயாளிகளில், கருவி பொருத்திய பிரிவில் இருவரும் மற்றப் பிரிவில் பதினொருவரும் விழித்ததை நினைவுகூர்ந்தார்கள். இங்கும் எண்ணப்பட்டது நினைவே.

நினைவை நம்பாமல், அந்த நேரத்திலேயே கேட்க ஒரு வழியை 1977-இல் டன்ஸ்டால் என்ற மருத்துவர் சொன்னார். தசைத்தளர்ப்பி ஏற்றும் முன் ஒரு கையின் மேற்பகுதியில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிவிட்டால், மருந்து அந்த முன்கைக்குப் போகாது. உடல் முழுவதும் கட்டுண்டாலும் அந்தக் கை அசையும். ‘கேட்கிறதென்றால் என் கையை அழுத்துங்கள், வலித்தால் இரண்டு முறை அழுத்துங்கள்’ என்று காதில் சொல்லலாம். பல நாட்டு மருத்துவமனைகளில் இந்த முறையில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மூச்சுக்குழாய் செருகிய பின் 260 பேரில் 12 பேர் சொன்னபடி கையை அழுத்தினார்கள். அவர்களில் ஐவர் வலி என்று காட்டினார்கள். விழித்தபின் ஒருவருக்கும் எதுவும் நினைவில்லை. கேள்வி கேட்டது குழாய் செருகிய சிறு இடைவேளையில் என்பதால், அறுவை முழுவதும் அப்படியே இருந்தார்கள் என்று நீட்டிக்க இதில் ஆதாரமில்லை. இருந்தாலும், ‘நினைவில்லை’ என்ற விடைக்குப் பின்னால் இரண்டு நிலைகள் ஒளிந்திருக்கலாம் என்பது இப்போது வெறும் தர்க்கமாக நிற்கவில்லை.

இந்தியத் தத்துவ மரபுகள் இதே கேள்வியைக் கனவில்லா உறக்கத்தை வைத்து நூற்றாண்டுகள் வாதாடின. உறங்கி எழுந்தவர் ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை’ என்கிறார். தெரியவில்லை என்பது எப்படித் தெரிந்தது? அனுபவித்ததைத்தான் நினைவுகூர முடியும். ஆகவே ஆழ்ந்த உறக்கத்திலும் அறியாமையைக் கண்டுகொண்டு ஒரு சாட்சி விழித்திருந்தது என்பது அத்வைதிகளின் வாதம். நையாயிகர்கள் இதை ஒப்பவில்லை. அறிவு என்பது ஆன்மாவும் மனமும் சேரும்போது எழும் ஒரு குணம். உறக்கத்தில் அந்தச் சேர்க்கை இல்லை, அறிவும் இல்லை. எழுந்தவர் சொல்வது நினைவு அல்ல, அனுமானம்: உடல் தெளிவாயிருக்கிறது, இடையில் எதுவும் நினைவில்லை, எனவே நான் எதையும் அறியாமல் கிடந்தேன். இவர்கள் முத்தியையே துன்பம் அற்றுப்போன, அறிவும் அற்றுப்போன நிலையாக வைத்தார்கள். அப்படியானால் கல்லாய்க் கிடப்பதுதான் முத்தியோ என்று எதிர்த்தரப்பு கேலி பேசியது. அறுவை மேசையில் கிடப்பவருக்கு அந்தக் கல்நிலையே வரமாக வேண்டியிருக்கிறது.

இந்த வாதத்தில் அத்வைதிகள் வென்றார்களா என்பது வேறு விஷயம். நையாயிக அனுமானத்துக்கு அவர்கள் சொன்ன தடை வலுவானது. நினைவில்லை என்பதைக் கொண்டு அறியவில்லை என்று அனுமானிக்க முடியாது. வழி நடக்கையில் காலில் பட்ட புல்லை உணர்கிறோம், வீடு சேரும்போது நினைவில்லை. வினாப்பட்டியல் ஆய்வுகள் நையாயிகரின் அனுமானத்தையே நம்பி நிற்கின்றன. 2017 ஆய்வில் அழுத்திய பன்னிரண்டு கைகள் தடையின் பக்கம் நிற்கின்றன.

சைவ சித்தாந்தம் போன வழி இன்னும் நெருக்கமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடலுக்கு வேறாக உயிர் உண்டு என்பதற்கு உறக்கத்தை ஒரு சான்றாக வைக்கிறது. உறங்குபவரின் உடல் இருக்கிறது, மூச்சு ஓடுகிறது. ஆனால் இன்ப துன்ப நுகர்ச்சி இல்லை. ஆகவே நுகர்பவர் உடல் அல்ல. நான்காம் சூத்திரம் உயிரை அமைச்சர்களோடு கூடிய அரசனுக்கு ஒப்பிட்டு ஐந்து அவத்தைகளை, அதாவது நிலைகளை, சொல்கிறது. பிற்காலச் சித்தாந்த நூல்கள், உயிர் அறிய உதவும் கருவிகள் ஒவ்வொரு நிலையிலும் எத்தனை என்று கணக்கே தருகின்றன: விழிப்பாகிய சாக்கிரத்தில் 35 கருவிகள், கனவாகிய சொப்பனத்தில் 25, ஆழ்ந்த உறக்கமாகிய சுழுத்தியில் 3, அதற்கும் அப்பால் துரியத்தில் 2, துரியாதீதத்தில் 1. உயிர் அழிவதில்லை; ஆனால் கருவிகள் கழன்றால் அறிவதும் இல்லை. இதில் மயக்க மருத்துவம் முன்பே சொல்லப்பட்டிருக்கிறது என்று பெருமை பேச ஒன்றும் இல்லை. கருவிகள் கழலும் வரிசையும் பொருந்தாது, நோக்கமும் வேறு. ஆனால் அறிவு என்பது போட்டால் எரிந்து அணைத்தால் அணையும் ஒற்றைப் பொருளாக இல்லாமல் படிப்படியாகக் கழலக்கூடியது என்ற பார்வை, மருந்துச் செறிவின் பட்டைகளைப் புரிந்துகொள்ள மற்ற இரு தரப்புகளைவிட உதவுகிறது. நினைவு என்ற கருவி கழன்றும் நுகர்ச்சி இருக்கக்கூடிய ஒரு படியை அதில் எண்ணிப்பார்க்க முடிகிறது.

நினைவில்லாதவருக்கு வலி இல்லை என்ற எண்ணம் அதிக விலை வாங்கியது பச்சிளம் குழந்தைகளிடம். 1980-கள் வரை பல நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு நைட்ரஸ் ஆக்சைடும் தசைத்தளர்ப்பியும் மட்டும் கொடுத்து அறுவை செய்வது வழக்கமாக இருந்தது. வீரியமான மருந்துகள் அந்தச் சிற்றுடலின் இதயத்தை நிறுத்திவிடும் என்ற பயம் நியாயமானது. அதோடு, நரம்புகள் முற்றாதவருக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த், 1987-இல் சக ஆய்வாளர்களுடன் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார். இதயத்தருகே மூடாத குழாயைக் கட்டும் அறுவைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு மட்டும் ஃபென்டனில் என்ற வலிநிவாரணி கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. அது கிடைக்காத பிரிவில் அதிர்ச்சிச் சுரப்புகள் மிக அதிகமாக ஏறின. அறுவைக்குப் பின் சிக்கல்களும் கூடுதலாக வந்தன. கருத்து வேகமாக மாறியது. 1997-இல் கனடாவில் அன்னா டாடியோ முதலானோர் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைத் திறந்தது. பிறந்தவுடன் மரப்பு மருந்தின்றி முன்தோல் நீக்கப்பட்ட ஆண் குழந்தைகள், நான்கு முதல் ஆறு மாதங்களில் தடுப்பூசி போடும்போது மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகத் துடித்தார்கள். எந்த வினாப்பட்டியலும் அவர்களிடமிருந்து நினைவை வாங்க முடியாது. உடல் மட்டும் கணக்கு வைத்திருந்தது.

இவ்வாறு சுவடு எஞ்சுவதால்தான் மறந்த வலி தீங்கு என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் தேவைக்கு மேல் எச்சரிக்கையானது. சுவடே இல்லாத வேதனையும் நிகழும் வரை வேதனைதான். பின்விளைவு அதன் தீமையைக் கூட்டலாம், உண்டாக்குவதில்லை. கத்தோலிக்க உலகில் 1957 பிப்ரவரியில் போப் பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருத்துவர்களின் கேள்விகளுக்கு அளித்த பதிலும், வலியைத் தாங்கியே தீர வேண்டிய கடமை யாருக்கும் இல்லை, அதை நீக்க உணர்வைப் போக்குவதும் ஆகும் என்றது. அங்கே பேசப்பட்டது வலியை நீக்குவது; நினைவை நீக்குவது அந்த உரையின் கேள்வியாக இருக்கவில்லை.

மறந்த வலியும் தீங்கே என்பதை நடைமுறை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொது மயக்கத்தில் உணர்விழப்பு முழுமையாக இருக்கும் என்று நம்பினாலும், வலிநிவாரணியையோ நரம்பை மரக்கச் செய்யும் ஊசியையோ தனியாகச் சேர்ப்பது இன்று சாதாரணம். சிக்கல் இன்னும் வெளிப்படையாக இருப்பது அரை மயக்கத்தில் செய்யும் சிறு சிகிச்சைகளில். பெருங்குடலில் குழாய்க் கருவி செலுத்திப் பார்க்கும்போது பலருக்கு மிடசோலம் கொடுக்கிறார்கள். அதற்கு வலியைக் குறைக்கும் ஆற்றல் இல்லை. பதற்றத்தைக் குறைக்கும், நினைவைப் பதிய விடாது. வலிநிவாரணி போதிய அளவு சேராவிட்டால் நோயாளி முனகுவார், நெளிவார், பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிக் கிளம்பிவிடுவார். ‘வலிக்காது’ என்று முன்கூட்டிச் சொல்வதும் ‘நினைவில் இருக்காது’ என்று சொல்வதும் இரண்டு வாக்குறுதிகள். சம்மதம் வாங்கும்போது முதலாவதைச் சொல்லி இரண்டாவதைக் கொடுப்பது சரியாகாது. நினைவு இல்லாமல் போனால் போதும் என்று ஒருவர் தெரிந்தே கேட்டால், மருத்துவர் அதைத் தருவதில் தவறில்லை. ஆனால் முனகல் கேட்ட பிறகு மருந்தைக் கூட்டாமலிருக்க அந்தச் சம்மதம் காரணமாகாது.

கையை அழுத்தி வலி என்று காட்டியவர் நினைவின்றி விழித்தால், அவரிடம் நடந்ததைச் சொல்வதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இல்லாத நினைவை உண்டாக்கி அச்சத்தை விதைப்பதாகும் என்பது ஒரு தரப்பு. தன் உடலுக்கு நடந்ததை அறியும் உரிமையை மருந்து பறித்ததோடு நில்லாமல் மருத்துவரும் பறிக்கலாமா என்பது மறு தரப்பு. ஆய்வுக்குள் சேரும் முன்பே, அப்படி ஏதாவது நடந்தால் தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டுக்கொள்வது இரண்டுக்கும் இடையிலான வழி. நினைவு இன்னும் கையில் இருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதால், விடை சொல்பவர் அனுபவிக்கப் போகிறவராகவே இருக்கிறார்.